இரண்டு தாளிலும் டாக்டர்

"குழாய் உடைஞ்சா என்ன பண்றது, குழாய் உடைஞ்சா என்ன பண்றதுன்னு காலையில இருந்து ஒரே பாட்டு! உடையாது மேடம், போதுமா? என் படத்துல குழாய் உடையாது!"

"உங்க படத்துல உடையாது சார். ஆஸ்பத்திரியில உடையும்."

"அப்ப ஆஸ்பத்திரியில போய்ப் பாடுங்க உங்க பாட்டை!"

கண்ணாடிக் கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் அந்த அறையைக் கட்டியவன் உள்ளே ஆட்கள் சண்டை போடுவார்கள் என்று யோசிக்காமல் கட்டிவிட்டான். வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். ஓசியில் நடக்கும் நாடகத்தை யார் விடுவார்கள்? ஒருத்தர் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் கதவோரமாகவே போய் நின்றார். பாட்டில் நிரம்பி வழிந்து செருப்பு நனைந்த பிறகும் அவர் நகரவில்லை.

கத்தியவர் மேஸ்திரி. வீட்டில் வைத்த பெயர் வேறு. ஒரு மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் படம் வரைந்து கொடுக்கிறவர் என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது. செங்கல் அடுக்குவது மற்றவர்கள், நூல் பிடித்துக் காட்டுவது இவர். இப்போது வரைந்திருப்பது ஒரு ஆஸ்பத்திரிக்கு. தன் படத்தில் யாராவது கை வைத்தால் தன் சட்டையில் கை வைத்ததுபோல் துள்ளுவார். மற்ற நேரத்தில் பசு.

எதிரே உட்கார்ந்திருந்தவள் கொக்கி. எதை நீட்டினாலும் அதில் ஒரு கேள்வியை மாட்டித் தொங்கவிடுவாள், அதனால் கொக்கி. நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் கொக்கி. அது அவளுக்கும் தெரியும். தெரியாததுபோல் நடிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே, அந்தத் தெம்பு இல்லாத ஒரு நாளில் தன் டீக் கோப்பையில் தானே 'கொக்கி' என்று எழுதி ஒட்டிவிட்டாள். அதற்குப் பிறகு யாருக்கும் அந்தப் பெயரைச் சொல்வதில் பழைய சுவை இல்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா மேடம்?" மேஸ்திரி குரலை இறக்கினார். கத்தும்போது இருந்ததைவிட இறக்கியபோதுதான் அது குத்தியது. "இந்தப் படத்துல கையெழுத்து விழுந்தாத்தானே உங்களை ஊருக்கு விடுவாங்க? வீட்டுக்காரர் அங்க, பாப்பா அங்க. நீங்க என்னடான்னா இங்க உக்காந்து குழாயை உடைச்சுக்கிட்டு இருக்கீங்க. தன் சோத்துல தானே மண்ணள்ளிப் போட்டுக்கிற ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன்."

சொன்னது அக்கிரமம். ஆனால் உண்மை.

கொக்கியின் புருஷனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்ப் பல மாதம் ஆகிறது. அந்த ஊரிலும் இதே கம்பெனிக்கு ஒரு கிளை இருக்கிறது, அங்கே இவளுக்கு ஒரு நாற்காலியும் ஒதுக்கியாகிவிட்டது. விடுமுறை விட்டதும் மகளை அப்பா கூட்டிக்கொண்டு போய் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். முதல் வகுப்பு. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று அம்மா தலை வாரிவிட வேண்டும் என்பது அந்தக் குழந்தை போட்டிருக்கிற ஒரே நிபந்தனை. அப்பாவுக்குச் சீப்பு பிடிக்கத் தெரியாது. பின்னல் என்று அவர் போடுவது துடைப்பத்தைக் கட்டி வைத்ததுபோல் இருக்கும். மேனேஜரோ, "இந்த டிசைன்ல கையெழுத்து விழுந்த மறுநாள் நீங்க கிளம்பலாம்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். படம் திரும்பிப் போனால் வாக்கும் அதோடு திரும்பிப் போகும்.

"சரி, சரி," என்று மேனேஜர் இரண்டு கையையும் தூக்கினார். நல்ல மனிதர். யாரையும் பகைத்துக்கொள்ளாமலே மேலே வந்தவர், அதனாலேயே எதையும் தீர்த்து வைத்தவரும் இல்லை. "குழாய் விஷயத்தை ஓரமா ஒரு குறிப்பாப் போட்டுக்கலாம். நாளைக்குக் கையெழுத்து. எல்லாரும் இன்னிக்கு இன்னொரு தடவை கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துடுங்க."

விளக்கெண்ணெய் விட்டாலும் கண் பார்க்கிறதைத்தானே பார்க்கும்? அந்த அறையில் படம் பார்க்கிறவர்களுடைய லட்சணத்தைச் சொன்னால் தெரியும். ஒருத்தர் பெயர் டிக்கு. கேள்விப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'எல்லாப் பெட்டிக்கும் பெயர் இருக்கிறதா', டிக், 'எல்லா அம்புக்கும் நுனி இருக்கிறதா', டிக் என்று போவார். வீடு எரிந்துகொண்டிருந்தாலும் பட்டியலில் நெருப்பு இல்லையென்றால் டிக்தான். இன்னொருத்தருக்கு எழுத்துப் பிழை மட்டுமே கண்ணில் படும். மூன்றாமவர் பெட்டிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து, கோணலாக இருப்பதை நகர்த்தச் சொல்லிவிட்டுத் தூங்கப் போவார்.

கொக்கியின் வழி வேறு. அவள் படத்தைப் பார்ப்பதில்லை, படத்துக்குள் நடப்பாள். ஆள்காட்டி விரலை முதல் பெட்டியில் வைத்து, நான்தான் இந்தச் சோதனைக் குழாயில் இருக்கிற ரத்தம் என்று நினைத்துக்கொள்வாள். அப்புறம் அம்பு போகிற வழியே விரல் போகும். இங்கே வந்தேன், இப்போது என்னை யார் எடுப்பார்கள்? எடுக்க ஆள் இல்லையென்றால் எங்கே கிடப்பேன்? போட்டிருக்கிற கோட்டில் தப்பு கண்டுபிடிக்க நாலு பேரால் முடியும். போடாமல் விட்ட கோடு, விரல் போய் முட்டி நிற்கும்போதுதான் தெரியும். அப்படி முட்டிய ஒரு இடம்தான் குழாய் உடைகிற விவகாரம்: ரத்தம் எடுத்த குழாய் வழியில் உடைந்தால் மறுபடி எடுக்கச் சொல்ல படத்தில் ஒரு கோடு இல்லை.

ஆனால் அன்றைக்கு மதியம் அவள் விரலை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மேஸ்திரி சொன்னது நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. இவள் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? எத்தனை வருஷமாக ஊரார் படத்தையெல்லாம் நோண்டியாகிவிட்டது, கண்டது என்ன? கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒரு பட்டப்பெயர்.

"அக்கா, என் தாளை மட்டும் பாத்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்தாள் இரண்டாந்தாள். அந்த ஆஸ்பத்திரிப் படம் இரண்டு பெரிய தாள். முதல் தாள் மேஸ்திரி வரைந்தது: டாக்டர் ரத்தப் பரிசோதனை கேட்கிறார், ரத்தம் ஆய்வகத்துக்குப் போகிறது, முடிவு டாக்டருக்குத் திரும்பி வருகிறது. இரண்டாவது தாள் இந்தப் பெண் வரைந்தது: ஷிஃப்ட் முடிந்து ஒரு டாக்டர் வீட்டுக்குப் போகிறார், அடுத்த டாக்டர் வந்து நோயாளிகளைப் பொறுப்பேற்கிறார். கம்பெனிக்கு வந்து அவள் தனியாக வரைந்த முதல் படம். தூங்குகிற குழந்தையைப் பார்ப்பதுபோல் அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

"பாத்தேன். நல்லா இருக்கு."

"ஒண்ணுமே இல்லையா? ஒரு கொக்கி கூட..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கொக்கி இன்னிக்கு லீவும்மா."

"மேஸ்திரி அதைப் பாக்கவே மாட்டேங்குறாரு அக்கா. 'உன் தாள் உன் பொறுப்பு, என் தாள் என் பொறுப்பு'ன்னுட்டாரு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு மூணு வாரம் ஆச்சு. திமிரு பிடிச்ச மனுஷன்."

திமிர் பிடித்த மனிதனைத் திட்டும்போது அந்தப் பெண்ணின் கை தானாக முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டதைக் கொக்கி கவனித்தாள். வேறொரு நாளாக இருந்தால் அதிலும் ஒரு கேள்வியை மாட்டியிருப்பாள். இரண்டு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே பாதித் தூக்கமாக வீடு வந்து சேர்ந்தாள்.

படியேறும்போதே சத்தம் கேட்டது. இன்றைக்குப் போகிற இடமெல்லாம் இதுதான் போலிருக்கிறது.

வீட்டுக் கூடத்தில் புருஷனின் தாய்மாமன் நட்டநடுவே நின்றிருந்தார். அவளுக்கு அவர் சித்தப்பா முறை. அடுத்த தெருவில் இருக்கிறவர், கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பேசுவார். கழற்றியிருந்தார். எதிரே நாற்காலியில் அவளுடைய மாமா, அதாவது புருஷனின் அப்பா, பேப்பரை மூஞ்சிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் அத்தை. தம்பி பக்கம் பேசுவதா, புருஷன் பக்கம் பேசுவதா என்று தெரியாமல், வந்த மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, மூட்டை கட்டுற ஆளு இன்னிக்கு வருவான்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் அத்தை. நேத்து அவரு போன்ல சொன்னாரே. மாமாகிட்ட சொல்லியாச்சு, மாமா பாத்துக்குவாருன்னு."

"என்கிட்டயா?" பேப்பர் இறங்கியது. "என்கிட்ட யாரு சொன்னா? நானும் இவளும் கண்ணு டாக்டரைப் பாக்கப் போயிட்டோம். வீடு பூட்டு."

"பூட்டுத்தான்!" என்றார் சித்தப்பா. "அந்தப் பூட்டு முன்னாடிதான் நானும் அந்த ஆளும் மத்தியானம் முழுக்க நின்னோம். அவன் என்னைப் பாத்து, 'சாவி இல்லாம எதுக்கு சார் வீட்டைக் காட்ட வந்தீங்க'ன்னு கேக்குறான். மாடிக்காரங்க எல்லாம் எட்டிப் பாக்குறாங்க. கள்ளச்சாவி போட வந்தவன் மாதிரி நிக்கிறேன். அவன் இனிமே வரமாட்டேன்னுட்டுப் போயிட்டான்."

"நீங்க எதுக்கு சித்தப்பா வந்தீங்க?"

"எதுக்கு வந்தேனா! உன் புருஷன்தானே, 'மாமா, ஆளு வருவான், கூட நின்னு சாமானைக் காட்டிடுங்க'ன்னு சொன்னான்!"

அத்தை அதற்குள் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் குழந்தை அழுகிற சத்தம், அதற்கு மேல் அவர் குரல்.

"நான்தான் நேத்தே சொன்னேனே, மாமாகிட்ட சொல்லிட்டேன்னு!"

"எந்த மாமா?" என்றாள் கொக்கி.

"எந்த மாமாவா? எனக்கு எத்தனை மாமா இருக்காங்க? மாமான்னா மாமாதான்!"

"எனக்கு மாமான்னா உங்க அப்பா!"

"எங்கப்பாவை நான் எதுக்கு மாமான்னு சொல்லப் போறேன்? உனக்குப் பைத்தியமா?"

"அவ சொல்றது சரிதானேடா," என்றாள் அத்தை. அப்புறம் தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ சொல்றதும் சரிதான்," என்றாள்.

மாமா மெல்லச் சிரித்தார். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். யார் மேலேயும் தப்பு இல்லாத சண்டையை யாராலும் ரொம்ப நேரம் போட முடியாது. அவர் சொன்ன மாமா அவர் கணக்கில் சரி. இவள் கேட்ட மாமா இவள் கணக்கில் சரி. தனித்தனியாக வைத்துப் பார்த்தால் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. ஒன்றாக வைத்த இடத்தில்தான் ஒரு மனிதர் பூட்டின வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்.

கொக்கி போனை அத்தை கையில் கொடுத்தாள். "இருங்க, இதோ வரேன்," என்று உள்ளே போய்க் கட்டிலில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். இதுவரை அவள் அவற்றை அப்படி வைத்துப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. ஒரு தாளை முடித்துவிட்டு மறு தாளை எடுப்பதுதான் வழக்கம்.

இரண்டு தாளிலும் ஒரே பெயரில் ஒரு பெட்டி: 'டாக்டர்'.

விரல் தானாக எழுந்து வந்தது. நான் ரத்தம். சாயங்காலம் டாக்டர் என்னை எடுக்கச் சொல்கிறார். ஆய்வகத்துக்குப் போகிறேன். நேரமாகிறது. முடிவு வருகிறது, மோசமான முடிவு. முதல் தாளின் அம்பைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போகிறேன், என்னைக் கேட்ட அதே டாக்டரிடம். அவர் எங்கே? இரண்டாவது தாளில் அவர் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய் ஒரு தூக்கமும் போட்டாகிவிட்டது. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற புது டாக்டருக்கு நான் வந்ததே தெரியாது. மேஸ்திரிக்கு டாக்டர் என்றால் பரிசோதனை கேட்டவர். அந்தப் பெண்ணுக்கு டாக்டர் என்றால் இப்போது பொறுப்பில் இருப்பவர். ஒரே சொல், இரண்டு ஆள். டிக்கு இரண்டிலும் டிக் போட்டிருந்தார், பெட்டிக்குப் பெயர் இருக்கிறது என்று.

'எந்த டாக்டர்?' என்று யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்பார்கள்? டாக்டர் என்றால் டாக்டர்தானே.

கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. வந்தது ஒரு அலுப்பு, சமையலெல்லாம் முடித்துப் பாத்திரம் கழுவி நிமிர்ந்த பிறகு வாசலில் விருந்தாளி நிற்பதைப் பார்க்கிற அலுப்பு. கூடத்தில் ஸ்பீக்கர் வழியே குழந்தை அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தது, "அம்மா எப்ப வருவா?" என்று. "வந்துடுவாடா கண்ணு, கையெழுத்து போட்டதும் வந்துடுவா," என்றாள் அத்தை. கையெழுத்து என்றால் என்னவென்று தெரிந்ததுபோல் குழந்தை "சரி" என்றது.

மறுநாள் காலை டீ மெஷின் பக்கத்தில் மேஸ்திரியைப் பிடித்தாள். கூட்டத்தில் போட்டு உடைக்க மனம் வரவில்லை. இரண்டு தாளையும் மெஷின் மேலேயே விரித்து, "உங்க டாக்டர் யாரு சார்?" என்றாள்.

"பரிசோதனை எழுதினவரு. வேற யாரு?"

"இந்தத் தாள்ல?"

அவர் இரண்டாவது தாளைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்ததே அன்றைக்குத்தான் போலிருக்கிறது. டீ வழிந்து கப்பைத் தாண்டியது. அவர் முகம் முதலில் சிவந்தது, அப்புறம் வெளுத்தது, கடைசியில் வெறும் களைப்பான ஒரு மனிதனுடைய முகமாக நின்றது. சத்தம் போடாத மேஸ்திரியை அவள் அதுவரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"சே," என்றார். வழிந்த டீயைத் துடைத்தபடி, "வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. நேத்து நான் பேசினது தப்பு. அதுக்காகத்தான் சொல்றேன். பேசாம கையெழுத்து போட்டுட்டுக் கிளம்புங்க. பாப்பாவைப் போய்ப் பாருங்க. இதை நான் பின்னாடி சத்தமில்லாம மாத்திக்கிறேன்."

"பின்னாடின்னா?"

"கோடிங் ஆரம்பிக்கிறப்ப. சத்தியமா."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். அப்படியே செய்ய வேண்டும் என்றுதான் அந்த நிமிஷத்தில் நினைத்தார். ஆனால் 'பின்னாடி' என்கிற ஊருக்குப் போன வேலை எதுவும் திரும்பி வந்து கொக்கி பார்த்ததில்லை. கையெழுத்து விழுந்த படத்தை ஆளாளுக்குப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒருத்தன் முதல் தாளைக் கட்டுவான், ஒருத்தன் இரண்டாவதை. மேஸ்திரிக்கு அடுத்த படம் வந்துவிடும். அந்தப் பெண்ணிடம் அவர் வாய் திறந்து பேசவே மாட்டார்.

"யோசிக்கிறேன்," என்றாள்.

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். கூட்டம் தொடங்கி, மேனேஜர் எல்லாருக்கும் நன்றி சொல்லி, தாள் கை மாறி மாறி வந்துகொண்டிருந்தபோதும் யோசித்தாள். டிக்கு கையெழுத்துப் போட்டார். எழுத்துப் பிழைக்காரர் ஒரு புள்ளியைத் திருத்திவிட்டுப் போட்டார். இரண்டாந்தாள் போடும்போது பேனாவை இரண்டு தரம் உதறினாள். மேஸ்திரி போட்டுவிட்டு, கொக்கியை நிமிர்ந்து பார்க்காமல் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

பேனாவைத் திறந்தாள். பெயரின் முதல் எழுத்தை எழுதியும் விட்டாள். தலை வார வேண்டும், இரட்டைப் பின்னல், ரிப்பன் வாங்க வேண்டும் என்று மனம் ஊரில் போய் நின்றுகொண்டிருந்தது. ஆனால் இடது கை விரல், சொன்ன பேச்சுக் கேட்காத விரல், தாளின் மேல் நடக்க ஆரம்பித்துவிட்டது. ஆய்வகம் வரை வந்தது. அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது. ஒரு நோயாளியும் இப்படித்தான் நிற்பான், நிற்கிறோம் என்று தெரியாமலே.

"எந்த டாக்டர்?" என்றாள்.

"என்ன மேடம்?" என்றார் மேனேஜர், ஏற்கெனவே பாதி எழுந்திருந்தவர்.

"முடிவு டாக்டருக்குப் போகுதுன்னு போட்டிருக்கு. எந்த டாக்டருக்கு?"

"கேட்ட டாக்டருக்கு," என்றார் மேஸ்திரி தலையைக் குனிந்தபடி.

"இல்லையே, டியூட்டியில இருக்கிற டாக்டருக்கு!" என்றாள் இரண்டாந்தாள்.

அவ்வளவுதான். பத்த வைத்த மாதிரி ஆயிற்று.

"நீங்க கேட்ட டாக்டர் வீட்டுக்குப் போயாச்சு. என் தாள்ல பாருங்க, தெளிவாப் போட்டிருக்கேன்!"

"உன் தாளை நான் எதுக்குப் பாக்கணும்?"

"அதான் பிரச்சினையே! மூணு வாரமா அதான் பிரச்சினை! பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கேன், ஒரு நாள் திரும்பி, 'உன் டாக்டர் யாரும்மா'ன்னு கேட்டிருந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"நீ கேட்டியா?"

"கேட்டா உர்ருன்னு பாப்பீங்க!"

"நான் எல்லாரையும் அப்படித்தான் பாப்பேன். என் மூஞ்சியே அப்படி!"

டிக்கு தன் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ் வரை தேடினார். ஒரே பெயரில் இரண்டு ஆள் இருக்கிறார்களா என்ற கேள்வி அதில் இல்லை என்று நிம்மதியாக அறிவித்தார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு நோயாளியின் மோசமான முடிவு யாருக்கும் தெரியாமல் கிடக்கிற காட்சி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது.

மேனேஜர் உட்கார்ந்தார். இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதே பெட்டி இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது, 'நர்ஸ்' என்று போட்டிருப்பது ஒரு நர்ஸா இரண்டு நர்ஸா, 'பொறுப்பாளர்' யார் என்று கேட்டுக்கொண்டே போனபோது, நூல் பிடித்து இழுத்த சட்டைபோல் படம் முழுக்கப் பிரிந்துவிட்டது. மறுபடி வரைய வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் தவணை கேட்க வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் கொக்கியைத் தனியாக நிறுத்தினார். "நல்ல வேளை மேடம், நல்ல வேளை," என்றார். இரண்டாவது 'நல்ல வேளை'யிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "உங்களை மாதிரி ஆளை இப்ப எப்படி விடுறது, சொல்லுங்க. புதுப் படம் வந்ததும் நீங்கதான் பாக்கணும். வேற யாரையும் நம்ப முடியாது. அந்தக் கிளைக்கு நான் பேசிடுறேன்."

"பள்ளிக்கூடம் திறக்குது சார்."

"புரியுது. புரியாம இல்ல. ஒரு அஞ்சாறு மாசம், அவ்வளவுதான்."

இழுக்கிற மாட்டைத்தான் திரும்பத் திரும்ப வண்டியில் பூட்டுவார்கள், இது ஊரறிந்தது. அவள் வாதாடவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, கவிழ்த்து வைத்து, தண்ணீர் வடிகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் அவள் சொன்ன விதம் இதுதான்: "வரல."

"வரலன்னா?"

நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சொல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"வந்திருப்பேன்."

"வந்து?"

"வந்து ஒவ்வொரு நாளும் உங்களைப் போட்டுப் படுத்தியிருப்பேன், அந்த டாக்டர் வீட்டுல தூங்குறாரு, தூங்குறாருன்னு."

"அது என்னவோ உண்மை," என்றார் அவர். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "பாப்பாகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது."

குழந்தை கேட்டுவிட்டு, "அப்ப யாரு தலை வாருவா?" என்றது. அழவில்லை. அழாததுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நான் வரேன்டா," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அத்தை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டைவிட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வெளியே தங்கியதில்லை. பக்கத்து வீட்டாரிடமெல்லாம், 'என் பொணம்தான் இங்கிருந்து போகும்' என்று சொல்லி வைத்திருந்தவள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். "பாட்டி வந்து வாரிவிடுறேன். உங்கம்மாவைவிட நல்லா வாருவேன். அவ பின்னுனா ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கும்."

"ஏன் அத்தை," என்றாள் கொக்கி.

"என்ன ஏன்? நீ செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. உன் ஆபீசு எனக்குப் புரியவும் புரியாது. புள்ள பரட்டைத் தலையோட பள்ளிக்கூடம் போகக்கூடாது, அதுதான் எனக்குத் தெரியும். மாமாவுக்கு ராத்திரி மாத்திரை ரெண்டு. மறந்துடாத."

மருமகள் போக வேண்டிய பஸ்ஸில் மாமியார் போனாள். தெருவே வேடிக்கை பார்த்தது. மருமகள் விரட்டிவிட்டாள் என்று பாதிப் பேரும், மாமியார் கோபித்துக்கொண்டு போகிறாள் என்று மீதிப் பேரும் பேசிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் யாருக்குச் சுவாரசியம்?

அஞ்சாறு மாசம் என்பது ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷம் முழுக்க மாமாவும் மருமகளுமாக அந்த வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு, அதிகம் பேசாமல், சண்டையும் போடாமல் இருந்தார்கள். புதுப் படத்தை மேஸ்திரியும் இரண்டாந்தாளும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரைய வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பேரும் போட்ட சண்டையைக் கேட்க வெளியே காத்துக்கொண்டு ஒரு கூட்டமே இருந்தது. பெட்டிகள் தீர்ந்த பிறகும் சண்டை தீரவில்லை என்பதைப் பார்த்து, இது வேறு விவகாரம் என்று முதலில் சொன்னது தண்ணீர் பிடிக்கிறவர்தான். அவர்கள் கல்யாணத்துக்கு அலுவலகமே போனது. மேஸ்திரி அன்றும் உர்ரென்றுதான் இருந்தார். இப்போது இரண்டு பேரும் வெளிநாட்டில். டிக்கு மேனேஜராகிவிட்டார். மேனேஜர் இன்னும் மேலே போய்விட்டார்.

கொக்கி அடுத்த விடுமுறையில் ஊர் போய்ச் சேர்ந்தாள். முதல் நாள் காலையில் சீப்போடு உட்கார்ந்தவளிடம் மகள், "நீ வேண்டாம்மா, பாட்டிதான் இழுக்காம வாருவாங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அத்தை ஜெயித்த மாதிரிப் பார்க்கவில்லை. வீட்டுக்குத் திரும்பு என்று மகன் சொன்னதற்கு மட்டும், இந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்கிச்சு என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதமே மாமாவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டார். பழைய வீட்டில் இப்போது யாரோ புதுசாகக் கல்யாணமானவர்கள் குடியிருக்கிறார்கள். நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார்கள், இன்னும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.